இடது பின் சக்கரம்

ஜூலை 6, சனி

சக்கரங்கள் வந்துவிட்டன. நான்கு பெட்டிகள். தூக்கி வந்தவர் மூச்சு வாங்க நின்று, "ஏனுங்க, உள்ள என்ன, ஆட்டுக்கல்லுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும்.

உண்மை இதுதான்: கறுப்பு அலாய் சக்கரங்கள், அகலம் எட்டு அங்குலம். என் காரில் இப்போது இருப்பவை ஆறு அங்குலம். கார் மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கிவிடலாம், ஜப்பானில் செய்தது, இருபது வயது. ஒரு மில் முதலாளியின் மகன் கனடா போகும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போனான். நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. அம்மா அதைச் சோப்பு டப்பா என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் காரைத்தான் பார்த்தார்கள். "ரெண்டு பேருதான் உக்கார முடியும்னா நாளைக்குக் கொழந்த குட்டின்னு ஆனா என்ன பண்றதுங்க?" என்று ஒரு மாமா கவலைப்பட்டார். டிக்கி இருக்கிறது என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அகலச் சக்கரம் எதற்கு? பிடிப்புக்கு. டயர் தரையில் அதிகமாகப் படிந்தால் வளைவில் வண்டி வழுக்காது. பகலில் நான் ஒரு பம்ப் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்" என்பதை எட்டு விதமாகச் சொல்லத் தெரியும். ஒரு காரியத்துக்கு ஒரு காரணம் போதும் என்பது அந்தத் தொழிலில் கற்றது.

கோகியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கோகி என்றால் கோகிலவாணி. பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருடமாக என் காரின் இடது இருக்கை அவளுடையது. பெண்களுக்கான கார் ராலியில் நான் ஓட்டுவேன், அவள் வழி சொல்லுவாள். இந்த ராலியில் வேகத்துக்கு வேலை இல்லை. இந்த இடத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை விநாடிக்கு வர வேண்டும் என்று தாள் கொடுப்பார்கள். முன்னால் போனாலும் மதிப்பெண் போகும், பின்னால் போனாலும் போகும். நான் சும்மா மிதிப்பவள். ஜெயிப்பதெல்லாம் அவளுடைய தலைக்குள் நடக்கும்.

அடுத்த ராலி ஆகஸ்ட் 11. அவளுக்குக் கல்யாணம் ஆகஸ்ட் 23. அப்புறம் மஸ்கட். மாப்பிள்ளை பெயர் நவநீதன். நல்ல மனிதர். அவரிடம் குறை கண்டுபிடிக்க மூன்று மாதமாக முயல்கிறேன். செருப்பை ஜோடி ஜோடியாக அடுக்கி வைக்கிறார் என்பது மட்டும்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.

அம்மா பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள மாட்டிப்போடு. ஆடில புதுசு ஆகாது" என்றாள். எதற்கு என்று கேட்கவே இல்லை. என் அம்மாவிடம் எனக்குப் பிடித்த குணம் இது. பிடிக்காத குணமும் இதுதான்.

ஜூலை 9, செவ்வாய்

கையேட்டில் "இயக்குபவர்" என்று வரும் இடத்திலெல்லாம் "இயக்குபவர்கள்" என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள். நூற்றுப் பதினேழு இடம். பம்பை ஒருவர் தனியாக ஓட்டக் கூடாதா?

ஜூலை 13, சனி

மாட்டியாயிற்று.

கோவை கணபதிப் பகுதியில் பொன்னுதுரை அண்ணனின் பட்டறை. டயர் மாற்றுவது, அலைன்மென்ட், டிங்கரிங் எல்லாம் அவரே. என் காரை ஊரில் மதிக்கும் ஒரே ஆள். என்னை அம்மணி என்றும் காரைத் தங்கம் என்றும் கூப்பிடுவார்.

புதுச் சக்கரத்தை உருட்டிவந்து பழையதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மணி, இத அதுக்குள்ள உடறது எங்க மாமனார ஷேர் ஆட்டோல ஏத்தற மாதிரிங்க. ஏறிருவாரு. கதவு சாத்தறதுதான் சிரமம்."

பிரச்சினை அகலம் மட்டும் இல்லையாம். சக்கரம் உள்பக்கம் தள்ளி நின்றால் ஸ்பிரிங்கில் இடிக்கும், வெளிப்பக்கம் தள்ளி நின்றால் மட்கார்டில் உரசும். மட்கார்டுக்கு வெளியே ஒரு நூல் நீட்டினாலும் போலீஸ் பிடிக்கும். ஜாக்கியை இறக்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். அவரிடம் டிஜிட்டல் அளவுகோல் இருக்கிறது. அது சுவரில் தொங்கும். விரல்தான் வேலை செய்யும்.

"காலியா அளந்தா பிரயோஜனம் இல்லீங்க. வழக்கமா எத்தன பேரு போவீங்களோ அத்தன பேரு உக்காரோணும். வண்டி எறங்குமில்லீங்க."

"நான் மட்டுந்தான்."

"அந்த டீச்சர் அம்மணி?"

"அவங்க கல்யாணம் ஆகிப் போறாங்கண்ணா."

"அடடே, சந்தோசமுங்க" என்றார். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து விரலை விட்டார். "போதுமுங்க. நாலு பக்கமும் வெரலு போகுது."

அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததற்குச் சொல்லவில்லை. பொய் என்று இதை யாரும் சொல்ல முடியாது.

அம்மா நான்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டிருந்தாள். டயருக்கு ஒன்றாக வைத்து நசுக்க வேண்டும். பொன்னுதுரை டயரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "இதுக்கு சாத்துக்குடி வெச்சாத்தானுங்க பொருத்தம்."

பழைய சக்கரங்களை அங்கேயே நின்ற ஒரு திருப்பூர்க்காரர் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

சிறுவாணி ரோடு. காலை ஆறு மணி. தனியாக.

பழைய பாடல்களில் எல்லாத் தலைவனும் தேரோட்டியிடம் சீக்கிரம் ஓட்டு, சீக்கிரம் ஓட்டு என்கிறான். ஒருவனாவது சக்கரத்தின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா? இல்லை. அதனால்தான் பாதிப்பேர் மழைக்காலம் முடிந்துதான் வீடு போய்ச் சேர்கிறார்கள். முன்பு வளைவில் வண்டி லேசாக யோசிக்கும், நானும் யோசிப்பேன். இன்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வளைவு வந்தது, போயிற்று. நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் அதில் தப்பில்லை.

டிசம்பரில் மைதானத்தில் ஒரு போட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஓட்ட வேண்டும். வழி சொல்ல ஆள் தேவையில்லை. காரில் ஒருவர் மட்டும்தான் இருக்கலாம் என்பது விதி. விண்ணப்பம் வாங்கி டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. மொட்டை மாடியில் துணி மூன்று முறை பறந்தது. மூன்றாவது முறை நான் பிடித்து வந்தது என்னுடையது அல்ல, ஆனால் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

கோகி வந்தாள். தெருவில் நின்று காரைச் சுற்றிப் பார்த்தாள். வகுப்பில் எவனோ பின்பெஞ்சில் தின்கிறான், யாரென்று தெரியும், ஆனால் அவனே எழுந்திருக்கட்டும் என்று நிற்கும் டீச்சர் போல நின்றாள்.

"எப்ப மாட்டுன?"

"போன வாரம்."

"போன வாரம் மூணு தடவ போன் பண்ணிப் பேசுனோம்."

"அப்ப நீ பட்டுப்பொடவ பத்திப் பேசிட்டிருந்த."

"டயர் பெரிசானா மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியாக் காட்டும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போயிரும்டி. நான் உக்காந்து விநாடிக் கணக்குப் போட்டுட்டு இருக்கேன். நீ கொழாயத் தெறந்து உட்டுட்டு வந்து நிக்கற."

சரி, மறுபடி கணக்குப் போடலாம் என்று சமாதானமாகி ஏறினாள். கிளம்பினோம். ரேஸ்கோர்ஸ் தாண்டி வலப்பக்கம் திரும்பும்போது அந்தச் சத்தம். தேங்காய் துருவுவது போல, ஆனால் தேங்காய் மிகப் பெரியது. வலப்பக்கம் திரும்பினால் மட்டும். இடது பின் சக்கரத்தில் மட்டும்.

ஓரமாக நிறுத்தினேன். கோகி இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவள் இறங்கியதும் வண்டி இடப்பக்கம் ஒரு விரல் உயர்ந்தது. மறுபடி உட்கார்ந்தாள், இறங்கியது. எழுந்தாள், உயர்ந்தது. இதை அவள் மூன்று முறை செய்தாள். கணக்கு டீச்சர்.

"நான் இல்லாம அளந்திருக்க."

"அண்ணன்தான் அளந்தாரு."

"அவரு பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு கேக்கலையா?"

காற்று பலமாக இருந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

பொன்னுதுரை சொல்கிறார்: மட்கார்டு விளிம்பின் உதட்டை உள்பக்கம் மடித்துவிடலாம். ஆனால் டீச்சர் அம்மணி உட்கார்ந்திருக்கும்போது மடித்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

டீச்சர் அம்மணிக்குப் பத்திரிகை வைக்கிற வேலை. எனக்கும் கூப்பிட ஒரு மாதிரியாக இருந்தது. வாட்ஸ்ஆப்பில் கேட்டேன்: "உன் எடை எவ்வளவு? காருக்காக."

இரண்டு நீலக் கோடு. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில்: "54."

ஜூலை 24, புதன்

கம்பெனி ஸ்டோரில் கேட்டு, மோட்டாரோடு சேர்ந்த மோனோபிளாக் பம்ப் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். நாற்பது கிலோ. மீதி பதினாலு கிலோவுக்கு நான் எழுதிய கையேடுகள். எல்லாவற்றையும் இடது இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே பம்பை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். சல்யூட் அடித்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

பட்டறையில் பொன்னுதுரை தன் மனைவியின் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். பெயிண்ட் சூடாக இருந்தால்தான் மடிக்கும்போது வெடிக்காதாம். மட்கார்டுக்கு அனல் காட்டி, டயருக்கும் அதற்கும் நடுவே ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காரை முன்னும் பின்னுமாகத் தள்ளினோம். குழாய் உருண்டு உருண்டு உதட்டை மடித்தது. சப்பாத்தி தேய்ப்பதைப் போலத்தான்.

"இந்த டீச்சரு சத்தம் போடாம உக்காந்திருக்காங்க" என்றார் பம்பைக் காட்டி.

முடிந்ததும் பம்போடு ஒரு சுற்று ஓட்டினேன். வலப்பக்கத் திருப்பங்களில் உரசல் இல்லை. பம்ப் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியும் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

பயிற்சிக்குக் கிளம்பினோம். கோவைப்புதூர் பக்கம் முதல் வலது திருப்பத்திலேயே சத்தம். பம்புக்கு உரசாதது கோகிக்கு உரசியது. "அஞ்சு நாள்ல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் உரசும் இடத்தைக் குறித்துவைக்கப் பேனா தேடி டேஷ்போர்டு அறையைத் திறந்தாள்.

விண்ணப்பத்தை எடுத்தாள். படித்தாள். "வாகனத்தில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே" என்ற வரியில் விரலை வைத்தாள். என் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை எல்லாம் நிரப்பியிருந்தேன். இதை இந்த நாட்குறிப்பில் சொல்ல விட்டுப்போயிற்று.

"தேதி பாரு. ஜூலை பதினாலு. நான் இன்னும் ஊர்லதான் இருக்கேன்டி."

"டிசம்பர்ல இருக்க மாட்ட இல்ல."

"ஆகஸ்ட் பதினொண்ணுக்கு இருப்பேன்ல? அதுக்குள்ள என்ற எடத்த எடுத்து ரெண்டு அங்குலம் டயருக்குக் குடுத்துட்ட. ஒரு வார்த்த சொல்லல."

"நீ கூடத்தான் மஸ்கட்டுன்னு முடிவாகி மூணு மாசம் கழிச்சுச் சொன்ன."

"நான் சொன்னன்னைக்கு நீ என்ன சொன்ன தெரியுமா? 'நல்லதுடி, அங்க பெட்ரோல் கம்மி'ன்ன."

உண்மைதான், சொன்னேன். அங்கே பெட்ரோல் கம்மிதான்.

அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் பரவாயில்லை. ஐந்தாம் நம்பர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தன் கணக்குத் தாளை இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீடு வரைக்கும் எங்கும் உரசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

பொன்னுதுரை சொல்கிறார்: இதற்கு மேல் மடித்தால் பெயிண்ட் வெடிக்கும். இப்போது உரசுவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை, அதாவது லைனர். கழற்றிவிடலாம். ஆனால் மழைக் காலத்தில் சேறும் கல்லும் உள்ளே அடித்துத் துருப் பிடிக்கும். வேண்டாம் என்றேன்.

பழைய சக்கரங்களைக் கேட்டுத் திருப்பூருக்குப் போன் செய்தேன். அவர் அவற்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டாராம். போட்டோ அனுப்பினார். துக்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ராலிக்காரர்கள் போன் செய்தார்கள். "நேவிகேட்டர் பேரு அதேதானுங்களா, மாத்தணுங்களா?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம் செய்தாள். கோகிக்கென்று ஒரு டப்பா கட்டினாள், ஒவ்வொரு வருடமும் கட்டுவது போல. நான் அதை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். அம்மா ஃபிரிட்ஜைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிவியைப் போட்டாள்.

சாயங்காலம் நானே சாப்பிட்டுவிட்டேன். மூன்று சாதமும்.

ஆகஸ்ட் 7, புதன்

நவநீதன் போன் செய்தார். இதுவரை என்னிடம் அவர் தனியாகப் பேசியதில்லை. "ஏனுங்க சுடர், ஞாயித்துக்கெழம ராலி இருக்குதில்லீங்க? கோகிலா எதுவுமே பேச மாட்டீங்கறா. வீட்ல எதாச்சும் தடை சொல்றாங்களா? நான் வேணா மாமாகிட்டப் பேசட்டுங்களா?"

செருப்பை அடுக்கி வைப்பதை இனி குறையாகச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கோகி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தேங்காய்ப் பைகள் மலை மாதிரி. நடுவில் கோகி கையை விரித்து நின்றாள். டெய்லரம்மா ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் டெய்லரம்மாவிடம் சொன்னாள். "நல்லா அளந்துக்கோங்கக்கா. நீங்களாச்சும் ஆள நிக்க வெச்சு அளக்கறீங்க."

"கோகி, ராலிக்கு வா."

"உன்ற வண்டில எனக்கு எடமில்ல. அளந்து பாத்தாச்சு."

வரும் வழியில் நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். ஒன்றில் அரைப்புள்ளி கூட இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"நீ போனப்பறம் எப்படி இருக்கும்னு பழகிப் பாத்தேன்டி. அதான்."

டெய்லரம்மா நாடாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கோகி கையை இறக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"வண்டி நல்லா ஓடுச்சு."

"அப்பறம்?"

"அவ்வளவுதான். நல்லா ஓடுச்சு. அதுல வேற ஒண்ணுமே இல்ல."

 கோகி கையை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "அறுபத்தி மூணு."

"என்ன?"

"என்ற வெயிட்டு. அம்பத்தி நாலுங்கறது காலேஜ் ரெண்டாவது வருசம். உன்ற பம்புல இன்னும் ஒம்பது கிலோ வெச்சிருக்கணும்."

சமையலறையிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "மெதுவாப் பேசுடி! மாப்ள ஊட்ல அம்பத்தாறுன்னு சொல்லியிருக்குது!"

டெய்லரம்மாதான் முதலில் சிரித்தார். இடுப்பு அளவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ராலிக்காரர்களுக்குப் போன் செய்தேன். அதே பெயர் என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

மீட்டரைச் சரிபார்க்கப் பொள்ளாச்சி ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டினோம். கோகி புதுக் கணக்குப் போட்டுவிட்டாள். மட்கார்டை மறுபடி தட்ட நேரம் இல்லை. வலது திருப்பம் ஒவ்வொன்றிலும் உரசல்.

ஒரு திருப்பத்தில் அவள் பேனா என் காலடியில் விழுந்தது. எடுக்கச் சாய்ந்தாள். சத்தம் நின்றது. நிமிர்ந்தாள், வந்தது. சாய்ந்தாள், நின்றது.

"அட, இதான் விசயமா" என்றாள்.

ஆக, தீர்வு கிடைத்துவிட்டது. வலது வளைவு வந்தால் நேவிகேட்டர் ஓட்டுநர் பக்கம் சாய வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. அதனால் தலை என் தோளில் வந்து நிற்கிறது. இயந்திரவியல்படி இது சரியான முறைதான். உயரத்தைக் குறைத்து எடையை வலப்பக்கம் மாற்றுகிறோம். கையேட்டில் போடலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முப்பத்தெட்டு கார்கள். எங்கள் கதவில் எண் 22. கோவையில் தொடங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு, அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறையில் முடிப்பு.

சமவெளியில் பெரிய கதை இல்லை. கோகி விநாடி சொன்னாள், நான் மிதித்தேன். "பாஞ்சு விநாடி முன்ன இருக்கோம், அழுத்தாத. அழுத்தாதன்னா காலத் தூக்கு. உன்ற கால் என்ன பம்பா?" பொள்ளாச்சி ஊருக்குள் ஒரு வலது திருப்பத்தில் அவள் சாய்ந்தபோது, பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கு மயக்கம் போலிருக்குது, தண்ணி குடும்மா" என்றார். கோகி சாய்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கினோம். தாளைப் படித்தாள், விநாடி பார்த்தாள், வலது வளைவு வரும்போது "சாயறேன்" என்று அறிவித்துவிட்டுச் சாய்ந்தாள். அப்படியும் கொண்டை ஊசிகளில் வண்டி ரொம்பவே அழுந்தியதால் லேசாக உரசிக்கொண்டுதான் இருந்தது. பதிமூன்றாவது வளைவில் டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பாக ஏதோ ரோட்டோரம் உருண்டு கிடந்தது. லைனர். டயர் தேய்த்துத் தேய்த்துத் தானே பிய்த்துப் போட்டுவிட்டது. ஒரு குரங்கு அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

அதற்கு அப்புறம் உரசல் இல்லை. துளிகூட இல்லை.

கோகியிடம் சொல்லவில்லை. ராலி நடுவில் நேவிகேட்டரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. இது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அவள் தாளிலும் கடிகாரத்திலும் கண்ணாக இருந்தாள். வலது வளைவு வந்தால் சாய்ந்தாள். "சாயறேன்" என்று சொல்வது மட்டும் இருபதாவது வளைவுக்கு அப்புறம் நின்றுபோயிற்று.

ஏழாவது இடம். போன வருடம் ஐந்து. முடிப்பில் ஆறு விநாடி முன்னால் போய்விட்டோம். தப்பு என்னுடையது.

வால்பாறையில் சாப்பாடு போட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே இலை போட்டு உட்கார்ந்தோம். கோகி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"லைனரு பதிமூணாவது வளைவுலயே உழுந்துருச்சு."

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

"என்ற பக்கத்துக் கண்ணாடிலயும் தெரியும்டி. குரங்கு எடுத்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் சாஞ்ச?"

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

இரண்டு கேள்விக்கும் பதில் வருவதற்குள் கேசரி வந்துவிட்டது. பரிமாறியவர், "இன்னொரு கரண்டி வைக்கட்டுங்களா?" என்றார். வைக்கச் சொன்னோம்.

மூன்று மணிக்கு இறங்கினோம். நேரம் பார்க்க வேண்டியதில்லை. தாள் இல்லை, விநாடி இல்லை. மழை விட்டு ரோடு பளபளவென்று இருந்தது. அகல டயர்கள் ஒரு இடத்தில் கூட வழுக்கவில்லை. பதிமூன்றாவது வளைவில் நிறுத்தினேன். கோகி ஓடிப்போய் லைனரை எடுத்துவந்து, சேற்றைத் துப்பட்டாவில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டேன். செப்டம்பர் இரண்டு, காலை விமானம் என்றாள். நான் வருகிறேன் என்றேன். பெட்டி மூணு இருக்கு, உன் டிக்கியில் ஒன்று கூடப் போகாது என்றாள். பெட்டி நவநீதனோடு வரட்டும், நீ என்னோடு வா என்றேன். சரி என்றாள்.

மலையிலிருந்து இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் திரும்புவது அதில் பாதிதான் இருக்கும். அவள் நாற்பதுக்கும் சாய்ந்தாள்.